கட்டாக்காலி நாய் கேற்றுக்கு உள்ளேதான் பிறக்கிறது: சமூகக் கருத்தடை குறித்த நிலைப்பாடு

கொழும்பின் பாமன்கடை ஒழுங்கைகளில் திரியும் நாய்களில் பலவற்றுக்கு ஒரு காலத்தில் வீடு இருந்தது. வீட்டுப் பெட்டை குட்டி போட்டால் கடுவன் குட்டிகளைக் கேட்டு ஆள் வரும். பெட்டைக் குட்டிகளை வாங்க ஆள் வராது. கண் திறந்த சில வாரங்களில் அவை அட்டைப்பெட்டியில் சந்தை ஓரத்துக்கோ கோயில் வாசலுக்கோ விகாரை வளவுக்கோ போய்ச் சேரும். அடுத்த ஆண்டு அவையே தெருவில் குட்டி போடும். வீட்டுப் பிராணி வேறு, கட்டாக்காலி வேறு என்று பிரித்து வகுக்கப்படும் திட்டங்கள் இந்த இடத்தில்தான் தவறுகின்றன. கருத்தடை அக்கம்பக்கம் முழுவதற்குமான இலவசப் பொதுச் சேவையாக இருக்க வேண்டும். அது வீட்டுப் பெட்டைகளிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே இந்த அறிக்கையின் நிலைப்பாடு.

பெட்டை நாய் பொதுவாக 6 முதல் 12 மாதத்துக்குள் முதற்பருவம் அடைகிறது. சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். ஆண்டுக்கு இரு முறை வரை குட்டி போடக்கூடும். பூனை இன்னும் வேகம்: நான்கைந்து மாதத்திலேயே சினைப்படலாம், குட்டிகளுக்குப் பால் கொடுக்கும்போதே மீண்டும் சினையாகலாம். தொடர்மாடிகள் நெருங்கிய வெள்ளவத்தை, பாமன்கடைப் பகுதியில் பூனைப் பெருக்கம் வாகனத் தரிப்பிடங்களிலும் மீன்கழிவு கொட்டும் மூலைகளிலும் நடக்கிறது. நாயைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் பூனையை மறப்பது இத்துறையின் பழைய குறை.

கொழும்பு வேறு வழியையும் பார்த்திருக்கிறது. 1893ஆம் ஆண்டின் விசர்நோய்க் கட்டளைச் சட்டமும் 1901ஆம் ஆண்டின் நாய்ப் பதிவுக் கட்டளைச் சட்டமும் வந்த காலத்திலிருந்து, பிடித்துக் கொல்வதே நெடுங்காலம் நகராட்சிகளின் வழக்கம். அதன் பலனை 1973ஆம் ஆண்டின் கணக்கு காட்டுகிறது: அந்த ஓராண்டில் இலங்கையில் விசர்நோயால் 377 பேர் இறந்தனர். பின்னர் அந்த எண்ணிக்கையைக் கீழே இறக்கியதில் நாய்களுக்கான தடுப்பூசிக்கும் கடிபட்டவர்களுக்கான சிகிச்சைக்கும் பெரும் பங்குண்டு. நாய்பிடி வண்டி தோற்றதற்குக் காரணம் எளிது. உணவும் இடமும் இருக்கும் தெருவில் ஒரு நாயை அகற்றினால் அந்த இடத்துக்கு இன்னொன்று வரும், அதுவும் பெரும்பாலும் தடுப்பூசி போடாத இளம் நாயாக இருக்கும்.

2006இல் அரசு கொல்லாக் கொள்கையை அறிவித்தது. அடுத்த ஆண்டு கொழும்பு மாநகர சபையும் புளூ பாவ் ட்ரஸ்ட் அமைப்பும், உலக விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தின் ஆதரவுடன், தடுப்பூசியையும் கருத்தடையையும் பொதுமக்கள் கல்வியையும் இணைத்த திட்டத்தைத் தொடங்கின. அந்த அனுபவம் 2014இல் ஆய்வுக் கட்டுரையாகவும் வெளிவந்தது. கடலுக்கு அப்பால் சென்னையில் புளூ கிராஸ் அமைப்பு 1964இலேயே கருத்தடையை மாற்றாக முன்வைத்தது. மாநகராட்சி அதை ஏற்க 1990களின் நடுப்பகுதி வரை சென்றது. முப்பது ஆண்டுக் காத்திருப்பு என்பது நாய்க் கணக்கில் எத்தனை தலைமுறை என்பதை வாசகரே எண்ணிக்கொள்ளலாம்.

செயல்முறையில் வரிசை முக்கியம். முதலில் பெட்டைகள். கருத்தடை செய்யாத ஒரே ஒரு கடுவன் ஒழுங்கையில் எஞ்சினாலும் பல பெட்டைகளைச் சினைப்படுத்த அது போதும். ஆகவே கடுவன்களை மட்டும் அதிகமாகச் செய்து எண்ணிக்கையைக் காட்டும் முகாம் அறிக்கையில் மட்டுமே வெற்றி பெறும். பெட்டையில் சூலகமும் கருப்பையும், கடுவனில் விதைகளும் முழு மயக்கத்தில் அகற்றப்படுகின்றன. அதே நேரத்தில் விசர்நோய்த் தடுப்பூசி போட்டு, தெரு நாயாக இருந்தால் அதன் காதில் அடையாள வெட்டு இட்டு, காயம் ஆறியபின் பிடித்த அதே தெருவில் விட வேண்டும். வேறிடத்தில் விட்டால் சண்டையும் கடியுமே மிஞ்சும். விசர்நோய்ப் பரவலை நிறுத்த நாய்களில் 70 வீதமானவற்றுக்குத் தடுப்பூசி தேவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். ஆண்டுதோறும் புதுக் குட்டிகள் பெருகும் ஊரில் அந்த அளவைத் தக்கவைப்பது கடினம். தடுப்பூசிக்குக் கருத்தடை துணையாவது இந்த வகையில்தான்.

வளர்ப்போர் சொல்லும் தடைகள் பழகியவை. பெட்டை ஒரு தடவையாவது குட்டி போட வேண்டும் என்பதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. மாறாக, முதற்பருவத்துக்கு முன் கருத்தடை செய்தால் முலைக்கட்டி அபாயம் வெகுவாகக் குறைகிறது; கருப்பையில் சீழ் பிடிக்கும் நோய்க்கும் இடமில்லாமல் போகிறது. கருத்தடை செய்த நாய் காவல் காக்காது என்பதும் உண்மையல்ல. பெரிய இன நாய்களில் மட்டும் மூட்டு வளர்ச்சி கருதிச் சற்றுத் தாமதிப்பது பற்றி மிருக வைத்தியரிடம் கேட்பது நியாயம்.

கருத்தடைக்கு எல்லை உண்டு என்பதையும் மறைக்கத் தேவையில்லை. அது மறுநாளே குரைப்பையோ கடியையோ நிறுத்தாது; தெருவில் வேறுபாடு தெரியச் சில ஆண்டுகள் செல்லும். மூடாத குப்பை இருக்கும்வரை நாய் வரும். திரும்பத் திரும்பக் கடிக்கும் நாயைப் பற்றி மிருக வைத்தியர் தனியாக முடிவெடுக்க வேண்டும்.

பாமன்கடைக்கு இன்னொரு சிக்கல் உண்டு. கால்வாய்ப் பாலத்தைக் கடந்து கொஹுவளைப் பக்கம் போனால் அது தெகிவளை-கல்கிசை மாநகர சபையின் ஆட்சி. நாய்க்கு அந்த எல்லை தெரியாது. கால்வாயின் ஒரு கரையில் மட்டும் நடக்கும் முகாமை மறுகரைப் பெட்டைகள் ஓரிரு ஆண்டில் வீணாக்கிவிடும். எனவே கொழும்பு, தெகிவளை-கல்கிசை ஆகிய இரு சபைகளும் ஒரே நாட்களில், இரு கரைகளிலும், கட்டணமின்றி, பூனைகளையும் சேர்த்து முகாம் நடத்த வேண்டும். தொடர்மாடி நிர்வாகக் குழுக்கள் தம் வளவில் உள்ள பூனைகளின் கணக்கை முன்கூட்டியே கொடுக்க வேண்டும். வீட்டில் பெட்டைக் குட்டி வைத்திருப்போர் முகாமுக்காகக் காத்திராமல், அது ஆறு மாதத்தை எட்டுமுன் மிருக வைத்தியரிடம் காட்டி நாள் குறித்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.