பணக்கார விளையாட்டுல ஒரு கோட்டா!

இந்த வாரம் நம்ம மேட்டர்... கோல்ஃப்!

'டேய், உங்க ஊர் சேந்தமங்கலம். ஒரு பக்கம் போனா எழுபது கொண்டை ஊசி வளைவோட கொல்லிமலை, இன்னொரு பக்கம் போனா நாமக்கல் கோழிப்பண்ணை. நடுவுல கோல்ஃப் எங்கிருந்துடா வந்துச்சு?'னு நீங்க கேக்கறது புரியுது. வந்துச்சுங்க. பெங்களூருல இருந்து பஸ் ஏறி வந்துச்சு!

எங்க ஊர் சீனியர் அண்ணன் ஒருத்தர் அங்கே சாஃப்ட்வேர் கம்பெனியில இருக்கார். போன மாசம் அவர் டீமை ஒரு பெரிய கோல்ஃப் மைதானத்துக்கு அவுட்டிங் கூட்டிட்டுப் போயிருக்காங்க. லீவுல ஊருக்கு வந்தவரை டீக்கடையில மடக்கிட்டோம்.

"எப்படிங்கண்ணா அடிச்சீங்க?"

"மொத அடியில பந்து நகரவே இல்லடா. புல்லுதான் பத்தடி பறந்துச்சு!"

ஆனா, அவர் டீம் தோக்கலையாம். காரணம், அன்னிக்கு ஆடினது 'ஸ்க்ராம்பிள்'. நாலு பேர் ஒரு டீம். நாலு பேரும் அடிப்பாங்க. யார் பந்து நல்ல இடத்துல விழுந்திருக்கோ, அங்கிருந்து மறுபடி நாலு பேரும் அடிப்பாங்க. அண்ணனோட பதினேழு அடி வேஸ்ட்டா போனாலும், பதினெட்டாவது அடி குழியில விழுந்தா அது டீமுக்கே லாபம். புதுசா வர்றவங்களோட ஜாலியா ஆட இதைவிட நல்ல வழி இல்ல.

நம்ம மெக்கானிக்கல் பசங்களுக்கு ஒரு பிட். கோல்ஃப் பந்தோட எடை 45.93 கிராமுக்கு மேல போகக்கூடாது. அதாவது, நம்ம நாமக்கல் முட்டையைவிட ஒரு துளி கம்மி. முட்டை மாதிரி வழவழன்னு இருந்தா கிட்டத்தட்ட பாதி தூரம்தான் போகும். மேல இருக்கிற குட்டிக் குட்டி பள்ளங்கள்தான் காத்தை பந்தோட ஒட்ட வெச்சு, பின்னாடி இழுக்கிற இழுவையைக் குறைக்குது. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல அரியர் வெச்சவங்க நோட் பண்ணிக்கங்க!

இப்போ மெயின் மேட்டர். 'ஹேண்டிகேப்'.

பொதுவா பதினெட்டு குழியையும் 72 அடியில முடிக்கணும்னு ஒரு கணக்கு. நல்லா ஆடற ஒருத்தர் 75 அடியில முடிக்கிறார். சுமாரா ஆடற இன்னொருத்தர் 90 அடி எடுக்கிறார். யார் ஜெயிச்சாங்க? அவசரப்படாதீங்க. முதல் ஆளோட ஹேண்டிகேப் 2, ரெண்டாவது ஆளோடது 18. கழிச்சா 73, 72. சுமார் ஆட்டக்காரர்தான் வின்னர்! கடைசியா ஆடின 20 ஆட்டத்துல சிறந்த எட்டை எடுத்து இந்த நம்பரைக் கணக்குப் போடறாங்க. 2020ல உலகம் முழுக்க ஒரே முறை வந்தப்போ, உச்சபட்ச அளவு 54னு வெச்சாங்க. தத்தக்கா பித்தக்கானு ஆடறவரும் கில்லாடியோட சரிசமமா மோதலாம்.

இதுல எனக்குப் பிடிச்சதே, ஹேண்டிகேப் வாங்கறவர் கூச்சப்படறதே இல்லைங்கறதுதான். 'என் ஹேண்டிகேப் 24'னு கம்பெனி டைரக்டர் காபி குடிச்சுக்கிட்டே சொல்வார். பக்கத்துல இருக்கிறவர் 'ஓசியில ஜெயிச்சான்'னு முணுமுணுக்க மாட்டார்.

அப்படியே நம்ம கிளாஸுக்கு வாங்க. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவிகித இடம் 2021ல இன்ஜினீயரிங்குக்கும் வந்துச்சு. கொல்லிமலையில இருந்து இறங்கி வந்து, குடும்பத்துலயே முதல் ஆளா காலேஜ் வாசலை மிதிக்கிற பசங்க இருக்காங்க. அவங்களைப் பார்த்து 'கோட்டா கேஸ்'னு காதுபடப் பேசற கும்பல் எந்த ஹாஸ்டல்ல இல்ல, சொல்லுங்க?

ரெண்டும் அச்சு அசல் ஒண்ணு இல்லதான். ஹேண்டிகேப், நீங்க நேத்து ஆடின ஆட்டத்தைப் பார்க்கும். கோட்டா, தாத்தா காலத்துல இருந்து யாருக்கு மைதானமே கிடைக்கலைனு பார்க்கும். ஆனா, அடிப்படை ஒண்ணுதானே? ஆரம்பிக்கிற இடம் வேற வேறன்னா, கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போடு. கோல்ஃப்லயும் வேணும்னே மோசமா ஆடி ஹேண்டிகேப்பை ஏத்தி வெச்சுக்கிற ஃபோர்ஜரி பார்ட்டிங்க உண்டு. அவங்களுக்கு 'சாண்ட்பேக்கர்'னு பட்டப்பேரே இருக்கு. அதுக்காக ஹேண்டிகேப்பையே தூக்கிடுனு யாரும் சொல்லல!

உள்ளே இவ்வளவு தாராளம். கேட்லதான் சிக்கல். பிரிட்டனுக்கு வெளியே முதல் கோல்ஃப் கிளப்பே நம்ம கல்கத்தாவுல, 1829ல வந்தது. கொடைக்கானல் கிளப் 1895. வெள்ளைக்காரன் போயிட்டான், காலர் வெச்ச சட்டை போடணும்ங்கற ரூல் பல கிளப்ல இன்னும் போகல. 2014ல சென்னையில ஒரு கிரிக்கெட் கிளப் விழாவுக்கு வேட்டி கட்டிட்டுப் போன ஹைகோர்ட் நீதிபதியையே உள்ளே விடல. அதே வருஷம் வேட்டிக்காகத் தமிழ்நாடு சட்டமே போட வேண்டியதாச்சு!

அந்த கேட்டைத் தாண்டின சிலர், பை தூக்கித்தான் தாண்டினாங்க. டெல்லியில கேடியா இருந்த அலி ஷேர், 1991லயும் 1993லயும் இந்தியன் ஓப்பன் ஜெயிச்சார். பெங்களூரு கேடி முனியப்பா 2009ல ஜெயிச்சார். புரொஃபஷனல் போட்டியில ஹேண்டிகேப் கிடையாது. நமக்கும் அட்மிஷன்லதான் கோட்டா, செமஸ்டர் பேப்பர் எல்லாருக்கும் ஒண்ணுதான்.

பெங்களூருல ஒரு ஹோட்டல்ல டிபன் சாப்பிடறப்போ பக்கத்து மைதானத்தைப் பார்த்து ஆசைப்பட்ட குட்டிப் பொண்ணு அதிதி அசோக். 2021ல டோக்கியோ ஒலிம்பிக்ல நாலாவது இடம். ஒரே ஒரு அடியில மெடல் போச்சு. அவங்களுக்கு அன்னிக்குப் பை தூக்கினது அவங்க அம்மா. கண்ணுல பட்டதாலதான் ஆசை வந்துச்சு, கேட் திறந்ததாலதான் ஆட்டம் வந்துச்சு. சேந்தமங்கலத்துப் பொண்ணுக்கு ரெண்டும் எங்கே?

ஃபைனல் இயர் மக்களே, நாளைக்கு உங்களையும் இப்படி ஒரு அவுட்டிங்குக்குக் கூப்பிடலாம். 'தலைவலி'னு எஸ்கேப் ஆகாதீங்க. ஷூவும் காலர் சட்டையும் போதுமானு முன்னாடியே கேட்டுக்கங்க. ஆடத் தெரியாதுனு முதல்லயே சொல்லிடுங்க, அங்கே அது அசிங்கம் இல்ல. எந்த மட்டைனு கேடி அண்ணன்கிட்ட கேளுங்க, அந்த மைதானத்துக்கு அவர்தான் புரொஃபஸர். பேர்த்த புல்லை எடுத்து அதே இடத்துல வெச்சு மிதிச்சு விடுங்க.

அப்புறம், காபி டைம்ல யாராவது தன் ஹேண்டிகேப் நம்பரை கெத்தா சொன்னா, நீங்களும் கெத்தா சொல்லுங்க... "சார், நான் ஃபர்ஸ்ட் கிராஜுவேட்!"