ஊரவர் கம்பனி யாருக்கு உரியது?

ஆரையம்பதித் தறிக்காரரும் படுவான்கரை வேளாண்மைக்காரரும் சங்கமாகக் கூடித் தொழில் நடத்த முனையும்போது, சமூக நிறுவனக் கம்பனியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள் என்னும் ஆலோசனை தாராளமாகக் கிடைக்கிறது. பதிவை நாம் எதிர்க்கவில்லை. பதிவில்லாச் சங்கம் தன் பெயரிற் காணி வாங்கவோ வழக்காடவோ இயலாது. ஆயின், இலங்கைச் சட்டத்தில் அப்படியொரு தனிக் கம்பனி வகையே இல்லை என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும்.

2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் தருபவை வேறு. பங்குக் கம்பனியானாற் பங்குக்கு ஒரு வாக்கு. பங்கு மிகுந்தவரே நாளைய போடியார்! உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகி 34ஆம் பிரிவின் உரிமம் பெற்றால், இலாபத்தை உறுப்பினர்க்குப் பகிர முடியாது. பகல் முழுதும் தறியில் இருந்தவளுக்குக் கூலி உண்டு, ஆதாயத்திற் பங்கில்லை. ஆளுக்கொரு வாக்கும் இலாபத்திற் பங்கும் வேண்டுமெனில், 1972ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சங்கச் சட்டமே நெருங்கி வருகிறது. அதிற் பதிவாளரின் பிடி இறுக்கமென்பதும் மெய்யே.

பிரித்தானியா 2004இற் சட்டமியற்றிச் சமூக நலக் கம்பனி என ஒரு வகையை வகுத்து, அதன் சொத்துத் தனியார் கைக்குப் போகாதபடி பூட்டும் இட்டது. இந்தியா 2002இல் உற்பத்தியாளர் கம்பனிக்கு இடமளித்தது. அங்கே பங்கு எவ்வளவாயினும் விவசாயிக்கு ஒரே வாக்கு. எமது பாராளுமன்ற உறுப்பினர்கள் கேட்க வேண்டியது இத்தகைய சட்டத்தையே.

அதுவரை எமது சட்டத்தரணிகளும் கணக்காளரும், கட்டணம் பாராது ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி, அமைப்பு விதிகளைத் தமிழில் வாசித்து விளக்கட்டும். சங்கம் கலைந்தால் தறியும் கட்டடமும் யாருக்கு என்ற விதியை எழுதுமுன் எவரும் கையொப்பமிடலாகாது.