பல் ஆஸ்பத்திரி விற்க வந்த புரோக்கர்!

வீடு பிடிக்க புரோக்கர் உண்டு. வரன் பார்க்க புரோக்கர் உண்டு. மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசவும் புரோக்கர் உண்டு. பல் ஆஸ்பத்திரி விற்க?

அதற்கும் வந்துவிட்டார் புரோக்கர்!

கழுத்தில் டை, கையில் லேப்டாப். "சார், ரிட்டையர் ஆகிற ஐடியா இருந்தா சொல்லுங்க. நல்ல பார்ட்டி இருக்கு. முப்பதே நாள்ல முடிச்சுத் தர்றேன்" என்று கார்டை நீட்டுகிறார். 65 வயது பல் டாக்டருக்கு அது காதில் தேன். முப்பது, நாற்பது வருஷம் குனிந்து குனிந்து கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது. பையன் வெளிநாட்டில் வேறு வேலை பார்க்கிறான். எதிர் பில்டிங்கில் ஏ.சி. போட்ட கம்பெனி கிளினிக் ஒன்று திறந்திருக்கிறார்கள். சொந்தமாகத் தொழில் நடத்தியவருக்கு பென்ஷன் ஏது? நாற்காலி, எக்ஸ்ரே மெஷின், ஏரியாவில் சம்பாதித்த நல்ல பெயர், இவைதான் அவருடைய பென்ஷன்.

ஆகவே புரோக்கர் வருவதில் தப்பில்லை. இதுவரை சென்னையில் இந்த வேலையை, நாற்காலியும் சிமெண்டும் சப்ளை செய்கிற டீலரின் ஆள்தான் காதோடு காதாகப் பேசி முடித்து வந்தார். அவர் சொன்னதே விலை. விவரம் தெரிந்த ஒருவர் நடுவில் நின்றால் நல்லதுதான். அமெரிக்காவில் இது தனித் தொழில். அங்கே வருஷ வசூலைப் பார்த்து விலை போடுகிறார்கள். விலையில் இத்தனை சதவீதம் என்று புரோக்கருக்கு கமிஷன். கலிஃபோர்னியாவில், நடக்கிற தொழிலை இப்படி விற்றுக் கொடுக்க ரியல் எஸ்டேட் புரோக்கர் லைசென்ஸ் வேண்டும்.

இங்கே? மனை, பிளாட் விற்றுத் தரும் ஏஜெண்டுகள் பதிவு செய்துகொள்ள 2016-ல் சட்டம் வந்தது. வாடகைக் கட்டிடத்தில் நடக்கிற கிளினிக்கைக் கைமாற்றித் தருகிறவரை அந்தச் சட்டம் தொடாது. கார்டு அடித்தவரெல்லாம் புரோக்கர்!

ஆளை எடை போட வேண்டியவர் டாக்டர்தான்.

யார் பக்கத்து ஆள்?

"கமிஷன் யார் தர்றது?" என்று முதல் நாளே கேட்டுவிட வேண்டும். இரண்டு பக்கமும் வாங்குகிறவர் என்றால் அவர் யாருக்கும் ஆள் இல்லை. வியாபாரம் முடிவதற்கு மட்டுமே ஆள். ஒரு பக்கம் வாங்கினாலும் கணக்கு இருக்கிறது. பத்து லட்சத்துக்குப் போக வேண்டிய கிளினிக் ஒன்பது லட்சத்துக்கு முடிந்தால் டாக்டருக்கு ஒரு லட்சம் நஷ்டம். ஐந்து சதவீத கமிஷன்காரருக்குக் குறைவது ஐயாயிரம்தான். அவர் ஏன் இன்னும் இரண்டு மாதம் அலையப் போகிறார்?

முன்பு யார் கிளினிக்கை விற்றுக் கொடுத்தார், வாங்கினவர் யார் என்று விசாரிப்பதில் வெட்கம் வேண்டாம். ஒரு பல்லைப் பிடுங்குவதற்கே எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறார்கள்!

கட்டிட சொந்தக்காரர் சம்மதம் இன்னொரு முள். தமிழ்நாட்டின் 2017-ம் வருஷத்து வாடகைச் சட்டப்படி அவர் எழுத்தில் சம்மதிக்காமல் உள்வாடகைக்கு விட முடியாது. அவர் தலையை ஆட்டாவிட்டால் விற்பதற்கு மிச்சம் இருப்பது இரும்பு நாற்காலிதான்.

பிறகு அக்ரிமெண்ட். விற்ற டாக்டர் அடுத்த தெருவில் புதுசாகக் கடை போட்டால் வாங்கினவர் கதி என்ன? 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் 27-வது பிரிவு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. நல்ல பெயரையும் சேர்த்து விற்றால் மட்டும் விலக்கு. குறிப்பிட்ட எல்லைக்குள் அதே தொழில் செய்வதில்லை என்று எழுதிக் கொடுக்கலாம். எல்லை நியாயமாக இருக்க வேண்டும். படிக்காமல் கையெழுத்துப் போட்டு, பிறகு மருமகள் கிளினிக்கில் உட்காரக்கூட முடியாமல் போனால் புரோக்கர் வந்து நிற்க மாட்டார்.

பாதியில் நிற்கிற பல்

இதெல்லாம் டாக்டர்கள் பாடு, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிற குமாஸ்தாவுக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். வந்தது அவர் பல்லுக்குத்தான்!

வேர் சிகிச்சை பல சமயம் ஒரே நாளில் முடிவதில்லை. நடுவில் தற்காலிக சிமெண்டை வைத்து அடைத்து அனுப்புவார்கள். அதை அப்படியே விட்டால் சிமெண்ட் கசிந்து மறுபடி சீழ் பிடிக்கும். பிள்ளைகளுக்குக் கம்பி போட்டால் ஒன்றரை, இரண்டு வருஷம் ஆகும். தாடை எலும்பில் ஸ்க்ரூ வைத்துப் பல் கட்டுகிறவர்கள் ஸ்க்ரூவுக்கும் பல்லுக்கும் நடுவே பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதம் காத்திருக்கிறார்கள். அந்த ஸ்க்ரூ எந்தக் கம்பெனி, என்ன சைஸ் என்று எழுதி வைக்காவிட்டால் புதுசாக வந்த டாக்டர் விழிக்க வேண்டியதுதான். ஒரு கம்பெனி ஸ்க்ரூவுக்கு இன்னொரு கம்பெனி உதிரிப்பாகம் பெரும்பாலும் சேராது.

காசு விஷயம் இன்னும் மோசம். மகளுக்குக் கம்பி போட நாற்பதாயிரம் பேசி, முப்பதாயிரத்தைக் கட்டிவிட்ட மளிகைக் கடைக்காரரை நினைத்துப் பாருங்கள். காசை வாங்கினவர் பழைய டாக்டர். மாதாமாதம் முடுக்க வேண்டியவர் புது டாக்டர். "அந்தப் பணம் என் கைக்கு வரலியே!" என்று அவர் சொன்னால்? "கிளினிக்கைத்தான் வித்துட்டேனே" என்று இவர் சொன்னால்? கடையைப் பூட்டிவிட்டு இரண்டு வீட்டுக்கும் நடக்க வேண்டியவர் கடைக்காரர்!

புரோக்கர் நீட்டுகிற தாளில் நாற்காலி எத்தனை, மாத வசூல் எவ்வளவு, வாடகை எவ்வளவு என்றெல்லாம் இருக்கும். பாதியில் நிற்கிற பல் எத்தனை, முன்பணமாக வாங்கியது எவ்வளவு என்று அதே தாளில் எழுதச் சொல்ல வேண்டும். அந்தத் தொகையை விலையில் கழித்துக்கொண்டு வேலையை முடிக்கும் பொறுப்பைப் புது டாக்டர் ஏற்கலாம். இல்லையென்றால் பழைய டாக்டரே சில மாதம் வந்து முடித்துக் கொடுக்கலாம். எப்படியானாலும் அது அக்ரிமெண்டில் இருக்க வேண்டும். புதுசாக அறிமுகமாகும் புரோக்கர் இந்தக் கேள்வியைத் தானாகவே கேட்டால், உட்கார வைத்துக் காபி கொடுக்கலாம். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் சார்" என்றால் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவதே மேல்.

இன்னொன்று. நோயாளியின் எக்ஸ்ரேயும் போன் நம்பரும் நாற்காலியோடு சேர்த்து விலை பேசுகிற சரக்கு அல்ல. தனிநபர் தகவலைக் காக்க 2023-ல் சட்டமே போட்டாகிவிட்டது. விலை படிவதற்கு முன்பே பத்து பார்ட்டிகளுக்குப் பெயர்ப் பட்டியலை வாட்ஸ்அப்பில் தட்டிவிடுகிற புரோக்கரை என்ன சொல்வது?

வாசலில் ஒரு மாதம் முன்பே நோட்டீஸ் ஒட்டினால் குடியா முழுகிவிடும்? பேரம் நடக்கும்போது ரகசியம் வேண்டியதுதான். சேதி கசிந்தால் உதவிக்கு நிற்கிற பெண் வேறு வேலை தேடிப் போய்விடும். ஆனால் கையெழுத்து ஆன பிறகும் எதற்கு ரகசியம்? போர்டில் பழைய டாக்டர் பெயரைத் தொங்கவிட்டு, உள்ளே புது ஆளை நிறுத்தி, வாயைத் திறந்து நாற்காலியில் சாய்ந்த பிறகு, "பெரிய டாக்டர் இப்ப வர்றதில்லீங்க" என்று சொல்வதா? போர்டு மாற்ற ஒரு நாள் கூலிதான் ஆகும். சாவி கைமாறும் அன்றைக்கே மாற்றிவிடலாம்.