வெட்கமும் வியாதியும்

விழா மலர் என்றால் வாழ்த்தும் வரலாறும் பழைய நினைவுகளும் நிறைந்திருத்தல் வழக்கம். அவ்வழக்கிற்குச் சற்று மாறாக, சபையிற் சொல்லக் கூசும் பொருளொன்றை யாம் இங்கே எடுத்துக்கொள்கின்றோம். சலத்துடன் குருதி கலந்து போதலே அப்பொருள். மங்கலமான ஏட்டில் இவ்வமங்கலம் எதற்கு எனச் சிலர் முகஞ் சுழித்தல் கூடும். அம்முகச் சுழிப்பே எம்மை இதனை எழுதத் தூண்டியது என்க.

எமக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர் ஒருவர் இருந்தார். எம் கட்டுரைகளில் ஓர் ஒற்று மிகினும் குறையினும் சிவப்பு மையாற் சுழித்துக் காட்டாது விடார். அவர் இளைப்பாறிச் சில ஆண்டு சென்றபின், ஒருநாட் காலை சலம் செந்நிறமாய்ப் போயிற்று. வலியில்லை; காய்ச்சலுமில்லை. ‘உடம்புச் சூடு’ என்று தாமே தீர்ப்புக் கூறிக்கொண்டு பார்லித் தண்ணீரும் இளநீரும் அருந்தினார். மறுநாளே நிறந் தெளிந்தது. மருந்து பலித்ததென மகிழ்ந்தார். மனைவியார்க்கும் சொல்லவில்லை, பிள்ளைகளுக்கும் சொல்லவில்லை. நான்கு மாதங் கழித்து அது மீண்டும் வந்தது. மீண்டும் பார்லி, மீண்டும் தெளிவு. ஓராண்டு சென்றபின், இரத்தக் கட்டி அடைத்துச் சலம் வெளியேறாது துடித்த ஓரிரவிலேதான் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்பட்டார். சலப்பையிலே தோன்றிய புற்று அதன் தசைச்சுவரை ஊடுருவி அப்பாலும் பரவியிருந்தது. அடுத்த ஆவணி வருமுன் அவர் மறைந்தார். “கூச்சமாயிருந்தது, தம்பி” என்று படுக்கையிலே அவர் சொன்ன சொல் இன்றும் எம் செவியில் நிற்கின்றது.

ஆதலின் எமது கருத்தை முதலிலேயே கூறிவிடுகின்றோம். வயது வந்த ஒருவர் தம் சலத்திற் குருதியை ஒருமுறை கண்டாராயினும், அது தானே நின்றுவிட்டதாயினும், காரணம் இன்னதென்று தெளியும்வரை வைத்தியரை நாடுதல் வேண்டும். வலியில்லை என்பதும் நின்றுவிட்டது என்பதும் ஆறுதலுக்கு இடமாகா. ஒடுங்கிய குழாயிற் கல் உராயும்போது வலி தோன்றும். விரிந்த சலப்பையின் உட்புறத்தே முளைக்கும் புற்று தொடக்கத்தில் எதனையும் அடைப்பதில்லை, ஆகவே வலியுமில்லை. அதன் மேற்புறத்து மெல்லிய நாளங்கள் உடையுங்காற் குருதி கசியும், உறைந்ததும் நிற்கும். இவ்வாறு விட்டுவிட்டுப் போதல் அந்நோயின் இயல்பு. நிற்கும் நாட்களில் நாம் உண்டது எதுவோ, அதற்கே குணப்படுத்திய புகழ் போய்ச் சேருகின்றது.

இனி, காரணங்களை நோக்குவோம். சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழப் பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள. அவை நாளொன்றுக்கு 180 லீற்றர் அளவான நீரைக் குருதியினின்றும் வடித்து, ஒன்றிரண்டு லீற்றரைச் சலமாக விடுத்து, எஞ்சியதை மீளக் கொடுக்கின்றன. அச்சலம் இரு குழாய்வழி இறங்கிச் சலப்பையிற் சேர்ந்து வெளியேறும். இந்நெடுவழியில் எவ்விடத்திற் புண்ணோ அழற்சியோ உண்டாயினும் குருதி கலக்கும். ஒரு லீற்றர் சலத்தில் ஒரு மில்லிலீற்றர் குருதி கலந்தாலே நிறம் மாறிவிடும். ஆதலால், நிறத்தின் கடுமையைக் கொண்டு நோயின் கடுமையை அளத்தல் இயலாது.

சிவந்ததெல்லாம் குருதியுமன்று. பீற்றூட் கிழங்கு உண்டாருக்கும், காசநோய்க்கு றிபாம்பிசின் என்னும் மருந்து உண்பாருக்கும் சலம் சிவத்தலுண்டு. ஆயினும் ‘நேற்றுண்ட பீற்றூட்’ என்று நாமே முடிவுகட்டுதல் தகாது. சிறிதளவு சலத்தை உருப்பெருக்கியின் கீழ் நோக்கினால், செங்குருதிக் கலங்கள் உளவா இலவா என்பது தெரிந்துவிடும்.

இளவயதினர்க்கும் பெண்களுக்கும் பெரும்பாலும் காணப்படுவது கிருமித் தொற்று. எரிவு, அடிக்கடி சலம் போதல், அடிவயிற்று வலி என்பன அதன் குறிகள். கல்லாயின் விலாவினின்றும் தொடைச்சந்து நோக்கி இறங்கும் பெருவலி உண்டாகும். தோட்டத்திலும் வெயிலிலும் வேர்வை சிந்தி, அதற்கேற்ற நீர் அருந்தாதார்க்கு இது வருதல் எளிது. முதிர்ந்த ஆடவர்க்குச் சலப்பையின் கழுத்தைச் சூழ்ந்துள்ள புரொஸ்ரேற் சுரப்பி பருத்துக் குருதி கசிதலுண்டு. சிறுவர்க்குத் தொண்டை நோவோ சிரங்கோ வந்து சில வாரஞ் சென்றபின், முகம் வீங்கிச் சலம் தேயிலைச் சாயம்போற் கறுத்துப் போகுமாயின், அது சிறுநீரக வடிகட்டிகளின் அழற்சியாகும். பெரும்பாலான பிள்ளைகள் முற்றுங் குணமடைவர், எனினும் குருதியமுக்கத்தைக் கவனித்தல் இன்றியமையாதது. வயலிற் சேறு மிதிப்பாரைத் தாக்கும் எலிக்காய்ச்சலிலும் குருதி தோன்றுதல் கூடும். எமது குடாநாட்டார் அறிந்த கண்ணாடிப் புடையன் தீண்டினாலோ, அதன் நஞ்சு குருதியின் உறையுந் தன்மையைக் கெடுத்து முரசிலும் சலத்திலும் இரத்தத்தைக் காட்டும். அந்நிலையில் ஒரு கணமும் தாழ்த்தாது, விஷமுறி மருந்துள்ள வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.

பழகிய நோயை மனிதர் இயல்பென்றே கொண்டுவிடுவர் என்பதற்கு எகிப்து நாடு சான்று. நைல் நதிக்கரைச் சிறுவர் சலத்திற் குருதி காணுதல் ஒருகாலத்தில் அத்துணைப் பொதுவாயிருந்தமையால், அது பருவமெய்துவதன் அடையாளமென்றே எண்ணப்பட்டதாம். 1851இல் கைரோ நகரிலே தியோடர் பில்ஹார்ஸ் என்னும் ஜெர்மானிய வைத்தியர் அதற்குக் காரணமான புழுவைக் கண்டறிந்தார். நன்னீர் நத்தையில் வளர்ந்து, நீரில் இறங்குவாரின் தோலைத் துளைத்து உட்செல்லும் அப்புழு நம் நாட்டிற்கு உரியதன்று. ஆயினும் ஆபிரிக்க நாடுகளில் ஆசிரியராயும் பொறியியலாளராயும் பணியாற்றி மீண்ட பழைய மாணவர் நம்மிடையே உளர். அங்குள்ள ஏரிகளில் நீராடியிருப்பின் அதனை வைத்தியர்க்குச் சொல்லுதல் நன்று. அதற்குத் தக்க மருந்துண்டு.

புற்றுநோயைப் பற்றி ஒளியாது பேசுதல் வேண்டும். குருதி கண்டார் பலர்க்கும் காரணம் அதுவன்று. எனினும் நடுவயது கடந்தார்க்கு, அதிலும் புகைபிடித்தார்க்கு, அதனை முதலில் இல்லையெனத் தெளிந்தபின்னரே பிறவற்றை நாடல் முறை. புகையின் நஞ்சு நெஞ்சறையிலே தங்கிவிடுவதன்று. குருதியிற் கலந்து, சிறுநீரகத்தால் வடிக்கப்பட்டு, சலப்பையில் மணிக்கணக்காகத் தேங்கி நிற்கின்றது. சலப்பைப் புற்றுக்களில் ஏறத்தாழப் பாதிக்குப் புகைபிடித்தலே காரணமென மதிப்பிடப்படுகின்றது. சாயத் தொழிற்சாலைத் தொழிலாளரிடை இந்நோய் மிகுதல் 1895இல் பிராங்பேட் நகரத்து இரணவைத்தியர் லுட்விக் றேன் என்பவராற் சுட்டிக்காட்டப்பட்டது. யாழ்ப்பாணத்துப் புகையிலைத் தோட்டத்து வருவாயிற் கல்வி கற்றவர் எம்மிற் பலர். அந்நன்றியை மறவோம், ஆயினும் நன்றிக்காகச் சுருட்டைப் பற்றவைத்தல் வேண்டுவதில்லை.

இனிப் பரிசோதனையும் பரிகாரமும். முதலிற் சலப் பரிசோதனை, கிருமி வளர்ப்பு, குருதியமுக்கம், சிறுநீரகத் தொழிற்பாட்டை அறியுங் குருதிப் பரிசோதனை. அடுத்து மீயொலி ஸ்கான்; வேண்டின் சி.ரி. ஸ்கான். பின்னர் சலப்பையின் உள்ளே நேரே நோக்குங் கருவி. 1879இல் வியன்னா நகரிலே மாக்ஸ் நிற்சே என்பவர் இக்கருவியைக் காட்டினார். இன்று வளையத்தக்க மெல்லிய குழாயாய் அமைந்த அது, உணர்விழக்கச் செய்யும் மருந்திட்டுச் சில நிமிடங்களிற் செய்து முடிக்கப்படுவது. இதற்கு அஞ்சி ஒளிப்பவரே மிகப் பலர். அச்சத்தின் அளவிற்கு அதன் துன்பம் இல்லை என்பதை, அதனைச் செய்துகொண்டார் கூறக் கேட்டிருக்கின்றோம்.

சிகிச்சை காரணத்தைப் பொறுத்தது. தொற்றுக்கு ஏற்ற நுண்ணுயிர்கொல்லியைக் குறித்த நாள்வரை உண்டு, பின் குருதி முற்றாக நீங்கியதா என மீண்டும் சோதித்தல் வேண்டும். பெண்கள் பலர்க்கு ‘தொற்றுத்தான்’ என்று மீண்டும் மீண்டும் மருந்து கொடுத்தமையால் உள்ளிருந்த புற்று காலந்தாழ்த்திக் கண்டறியப்படுகின்றது. சிறு கற்கள் பெரும்பாலும் தாமே வெளியேறும். பெரியவற்றை, 1980இல் மியூனிச் நகரில் மனிதர்க்கு முதன்முதல் வழங்கப்பட்ட அதிர்வலை முறையாலோ, குழாய்வழி செலுத்தும் லேசர்க் கதிராலோ உடைப்பர். சுரப்பி பருத்தற்கு மாத்திரையும் சத்திரசிகிச்சையும் உள. வடிகட்டிகளின் அழற்சிக்குக் காரணம் அறிந்து மருந்து வேறுபடும். குருதி உறையாதிருக்க அஸ்பிரின், வார்பரின் முதலியன உண்பார், ‘மாத்திரையால் வந்தது’ என்று வாளாவிருத்தல் கூடாது. மறைந்திருந்த நோயை அம்மாத்திரை வெளிக்காட்டியிருக்கலாம். வைத்தியரைக் கேளாது அதனை நிறுத்துதலும் ஆபத்து.

சலப்பைப் புற்றுக்களுள் நான்கில் மூன்று பங்கு, கண்டறியப்படும்போது தசைச்சுவரைத் தொடாதவை. அவற்றை வயிற்றைக் கீறாமலே சலவழியாற் சுரண்டி அகற்றுவர். சிலர்க்கு, நம் தோளிற் காசநோய்க்கெனக் குத்திய அதே பி.சி.ஜி. மருந்தைச் சலப்பையுட் செலுத்துவர். 1976இல் கனடாவிலே அல்வாரோ மொறாலெஸ் வெளியிட்ட இம்முறை இன்றும் வழக்கிலுள்ளது. தசையை ஊடுருவியபின் சலப்பையையே அகற்றல், கதிர்ச்சிகிச்சை, கடுமருந்து என வழி கடினமாகின்றது. எம் வகுப்புத் தோழர் ஒருவர், குருதி கண்ட அன்றே எமக்குத் தொலைபேசியிற் சொன்னார். இரு வாரத்துள் சிறு முளையொன்று கண்டு அகற்றப்பட்டது. தவணைதோறும் சோதனைக்குச் செல்கின்றார். இவ்விழாவுக்குக் கதிரை அடுக்கியவர்களுள் அவரும் ஒருவர். ஆசிரியர்க்கும் அவர்க்கும் வந்த நோய் ஒன்றே.

பார்லியையும் இளநீரையும் யாம் இகழ்கின்றோமல்லேம். நாட்டு வைத்தியத்தையும் பழிக்கின்றோமல்லேம். திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தை இக்கல்லூரியில் மனனஞ் செய்யாதார் யார்? நோயையும் அதன் மூலத்தையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவம் என்பது அங்கே நாம் கற்ற முறை. மூலத்தைத் தேடாமல் நிறத்தை மாத்திரம் மாற்ற முயல்வது எவ்வைத்தியத்திற்கும் உடன்பாடன்று.

இவற்றைப் பேசத் தமிழிற் சொல் இல்லையென்றும் கூறல் இயலாது. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயிற் பணியாற்றிய அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேல்நாட்டு வைத்தியத்தை நம் மாணவர்க்குத் தமிழிலேயே கற்பித்தார். வைத்திய நூல்களையும் தமிழில் வெளியிட்டார். கடல் கடந்து வந்த ஒருவர் நம் மொழியில் உடம்பின் ஒவ்வோர் உறுப்பையும் கூசாது பெயர் சொல்லி விளக்கினார். அம்மொழியிற் பிறந்த நாம் நம் வீட்டாரிடத்தும் வாய் திறவாதிருக்கின்றோம்.

ஆதலின் மூன்று சொல்லி முடிப்போம். பழைய மாணவர்காள், சலத்திற் குருதி கண்டால் அன்றே வீட்டிலுள்ள ஒருவரிடமாவது சொல்லுங்கள். சொன்னபின் வைத்தியரிடம் போகாதிருக்க அவர் விடார். கட்டி அடைத்துச் சலம் போகாவிடினும், குளிர்காய்ச்சல் கூடினும், மயக்கம் வரினும் விடியும்வரை காத்திராதீர்கள். ஆசிரியப் பெருமக்காள், உடல்நலப் பாடத்தில் இப்பகுதியைத் தாண்டிச் செல்லாதீர்கள். மாணவர் வேண்டிய நீர் அருந்தவும் வேண்டியபோது வெளியே செல்லவும் தடைசெய்யாதீர்கள். கழிப்பிடத்தின் அழுக்கிற்கு அஞ்சி நாள்முழுதும் நீரருந்தாதிருக்கும் பிள்ளை நம் கல்லூரியில் ஒருவனேனும் இருத்தலாகாது; இவ்விழா நிதியின் ஒரு பகுதியை அதற்குச் செலவிடுதல் தகும் என்பது எமது துணிபு. மாணவர்காள், உங்கள் தாத்தா அடிக்கடி பார்லித் தண்ணீர் கேட்பாராயின், ஏனென்று ஒருமுறை அன்போடு கேளுங்கள்.

எம் ஆசிரியரிடம் அக்கேள்வியைக் கேட்பார் ஒருவருமில்லாமற் போயினர், யாமும் கேட்டிலேம். அக்குறை தீரவே இதனை எழுதினோம். கல்லூரி அன்னை நீடு வாழ்க. அவள் பிள்ளைகள் நோயற்று வாழ்க.