எங்கள் காசை எங்களுக்கே பரிசாகத் தருகிறார்கள்

2025 மே மாதம் கொழும்பு மேல் நீதிமன்றம் முன்னாள் அமைச்சர்கள் இருவருக்குக் கடூழியச் சிறைத்தண்டனை விதித்தது. மகிந்தானந்த அளுத்கமகேவுக்கு 20 வருடம், நளின் பெர்னாண்டோவுக்கு 25 வருடம். 14,000 கெரம் பலகைகளையும் 11,000 தாம் பலகைகளையும் சதொச மூலம் இறக்குமதி செய்து, 2015 ஜனாதிபதித் தேர்தல் வேலைக்காக விளையாட்டுக் கழகங்களுக்குப் பங்கிட்டார்கள் என்பதுதான் வழக்கு. அதில் அரசாங்கத்துக்கு ஏற்பட்ட நட்டம் 5 கோடி 30 இலட்சம் ரூபா.

"ஒரு கெரம் பலகைக்கு இவ்வளவு பெரிய தண்டனையா?" என்று கேட்டவர்கள் நம் லயங்களிலும் உண்டு. தண்டனை பலகைக்கு அல்ல. பொதுமக்களின் பணத்தை எடுத்து, தன் கைக்காசு போலக் காட்டி, அதற்கு வாக்குக் கேட்டதற்குத்தான் தண்டனை.

இந்த வியாபாரம் நமக்குப் புதியதா? தேர்தல் வந்தால் கூரைத்தகடு வரும். கோயிலுக்கு ஒலிபெருக்கி வரும். இளைஞர் கழகத்துக்குப் பந்தும் மட்டையும் வரும். கொண்டு வருகிறவர் மாலை போட்டுக்கொண்டு படம் பிடிப்பார். அந்தத் தகடு எந்த நிதியில் வாங்கியது, எத்தனை வாங்கினார்கள், எத்தனை நம் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது என்று நாம் கேட்பதில்லை. கேட்டால், "வீட்டுக்கு வந்த சீதேவியைக் காலால் எட்டி உதைக்கிறாயா?" என்று நம் ஆட்களே ஏசுவார்கள்.

சவர்க்காரம் வாங்கினாலும், போனுக்கு ரீலோட் போட்டாலும், நாம் 18 சதவீதம் பெறுமதி சேர் வரி கட்டுகிறோம். அந்த வரியும் சேர்ந்ததுதான் அரசாங்கத்தின் பணம். எங்கள் காசையே எடுத்து, அதில் ஒரு சிறு பங்கை எங்களுக்கே பரிசாகத் தருகிறார்கள். நாமும் கைகூப்பி வாங்கிக்கொள்கிறோம்.

கூரைத்தகட்டோடு இது நின்றிருந்தால் பரவாயில்லை. நம் சம்பளத்தையும் இந்த வியாபாரத்துக்குள் கொண்டு வந்துவிட்டார்கள். நான் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்கிற ஆசிரியன். ஆகவே கணக்காகவே சொல்கிறேன்.

நாளொன்றுக்கு 1,000 ரூபா வேண்டும் என்ற கோரிக்கை 2015இல் எழுந்தது. 2016 ஒக்டோபரில் கைச்சாத்தான கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 500 ரூபா. வரவுக் கொடுப்பனவு 60, உற்பத்திக் கொடுப்பனவு 140, விலைப்பங்கு 30 சேர்த்து 730 ரூபா என்றார்கள். 2019 ஜனவரியில் அலரி மாளிகையில் அடுத்த ஒப்பந்தம். அடிப்படைச் சம்பளம் 700 ரூபா ஆனது. "200 ரூபா கூட்டிக் கொடுத்தோம்" என்று மேடை போட்டார்கள். வரவுக் கொடுப்பனவும் உற்பத்திக் கொடுப்பனவும் அதே ஒப்பந்தத்தில் வெட்டப்பட்டதை மேடையில் சொல்லவில்லை. விலைப்பங்கு 50ஐயும் சேர்த்தால் மொத்தம் 750. எல்லாக் கொடுப்பனவையும் எடுத்துக்கொண்டிருந்த தொழிலாளிக்குக் கூடியது வெறும் 20 ரூபா.

அந்த நேரத்தில் நம் தலைவர்கள் எங்கே இருந்தார்கள்? இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் எதிர்க்கட்சிப் பக்கம் இருந்துகொண்டு ஒப்பந்தத்தில் கையொப்பம் வைத்தது. தமிழ் முற்போக்குக் கூட்டணி அரசாங்கத்துக்குள் இருந்துகொண்டு அந்த ஒப்பந்தத்தை எதிர்த்துப் பேசியது. ஒருவரையொருவர் ஏசினார்கள். அரசாங்கம் தன் பங்குக்கு மேலதிகமாக 50 ரூபா தருவதாகச் சொன்னது. அது பேச்சோடு போனது.

பிறகு 2019 நவம்பரில் ஜனாதிபதித் தேர்தல். மீண்டும் 1,000 ரூபா வாக்குறுதி. 2020 மார்ச்சிலிருந்து கிடைக்கும் என்றார்கள், கிடைக்கவில்லை. 2021 பெப்ரவரி 5ஆம் திகதி மலையகம் வேலைக்குப் போகாமல் நின்ற பிறகுதான், சம்பள நிர்ணய சபை மூலம் மார்ச்சில் அது வர்த்தமானியில் வந்தது. கேட்டது 2015இல், கிடைத்தது 2021இல். கம்பனிகள் அதற்குப் பதிலடியாகக் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன. அதே வருடம் கோட்டாபய அரசாங்கம் இரசாயன உரத்தைத் தடை செய்தது. மலையில் கொழுந்து குறைந்தது. ஆனால் கேட்கிற கிலோ குறையவில்லை. எத்தனை பேருக்கு அரைப்பேர் விழுந்தது என்பது நம் பெண்களுக்குத் தெரியும். அடுத்த வருடம் நாடே வங்குரோத்து ஆனது.

2024 மே தினத்தன்று கொட்டகலை மேடையில் ரணில் விக்கிரமசிங்க 1,700 ரூபா என்று அறிவித்தார். செப்டம்பரில் ஜனாதிபதித் தேர்தல் வர இருந்தது. கம்பனிகள் நீதிமன்றம் போயின. ஜூலையில் உயர் நீதிமன்றம் அந்த வர்த்தமானிக்கு இடைக்காலத் தடை விதித்தது. கடைசியில் தேர்தலுக்குச் சற்று முன்பு கைக்கு வந்தது 1,350. மேடையில் கைதட்டியது 1,700க்கு.

இப்போது தேசிய மக்கள் சக்தி அரசாங்கம். திருடர்களைப் பிடிப்போம் என்று வந்தார்கள், சிலரைப் பிடித்தும் இருக்கிறார்கள். அதற்கு நாம் நன்றி சொல்வோம். 2026 வரவு செலவுத் திட்டத்தில் 1,350ஐ 1,550 ஆக்கி, அதற்கு மேல் நாளொன்றுக்கு 200 ரூபா வரவுக் கொடுப்பனவை அரசாங்கமே தரும் என்று அறிவித்தார்கள். அதற்கு 500 கோடி ரூபா ஒதுக்கினார்கள். 1,750 என்பது முன்பிருந்ததைவிடக் கூடுதல்தான், மறுக்கவில்லை.

ஆனால் அந்த 200ஐ யார் தருகிறார்கள்? தேயிலையை விற்று இலாபம் எடுக்கிற கம்பனி அல்ல. திறைசேரி தருகிறது. அதாவது, கம்பனி கொடுக்க வேண்டிய கூலியின் ஒரு பகுதியை நாட்டு மக்கள் கட்டுகிறார்கள். அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் அந்த வரியை யாராவது வெட்டினால் கொடுப்பனவும் வெட்டுப்படும். 2019இல் 60 ரூபா வரவுக் கொடுப்பனவு எப்படிக் காணாமல் போனது என்று பார்த்தோமே.

இன்னொரு கணக்கு. நாட்சம்பளக்காரருக்குச் சேவைக்காலப் பணம் ஒரு வருடத்துக்கு 14 நாள் சம்பளம். வரவுக் கொடுப்பனவு சம்பளத்தில் சேராவிட்டால், அந்த 200 ரூபாவால் வருடத்துக்கு 2,800 ரூபா இழப்பு. 30 வருடம் கொழுந்து எடுத்த ஒரு அக்கா பேர் வெட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகும்போது 84,000 ரூபா குறையும். ஊழியர் சேமலாப நிதிக்குக் கம்பனி கட்ட வேண்டிய 12 சதவீதமும், நம்பிக்கை நிதிக்கான 3 சதவீதமும் அந்த 200க்கு இல்லையென்றால், 25 நாள் வேலைக்கு மாதம் 750 ரூபா கம்பனிக்கு மிச்சம். சம்பளம் என்று சொல்லாமல் கொடுப்பனவு என்று சொல்வதில் இவ்வளவு விஷயம் இருக்கிறது.

இதைவிடப் பெரிய இழப்பு கூட்டு ஒப்பந்தம். அதில் குறைகள் ஆயிரம் இருந்தன. ஆனாலும் கம்பனியை மேசையில் உட்கார வைத்து, சம்பளத்தோடு வேலை நிபந்தனைகளையும் எழுத்தில் வாங்குகிற வழி அது. இன்று எத்தனை கிலோ எடுத்தால் ஒரு பேர் என்பதைத் தோட்டத்துக்குத் தோட்டம் நிருவாகமே தீர்மானிக்கிறது. 1,750 என்று ஜனாதிபதி அறிவிக்கலாம். கிலோவைக் கூட்டி அரைப்பேர் போடுகிற கை தோட்டத்து அலுவலகத்தில் இருக்கிறது.

"அமைச்சர் பதவி இல்லாவிட்டால் மலையகத்துக்கு ரோட்டும் வராது, வீடும் வராது" என்று சிலர் சொல்வார்கள். பதவியால் சில காரியங்கள் நடந்திருக்கின்றன, உண்மைதான். ஆனால் 1984இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் எப்படி வந்தது? அப்போது தொண்டமான் அமைச்சரவையில்தான் இருந்தார். பதவி அதைக் கொண்டு வரவில்லை. கொடிக்குக் கொடி சண்டை போடாமல் தோட்டங்கள் வேலைநிறுத்தம் செய்தன, வந்தது. 1940இல் முல்லோயாவில் கோவிந்தன் துப்பாக்கிச் சூட்டில் செத்தது 16 சதம் சம்பள உயர்வுக்கான போராட்டத்தில். அன்று அவர்கள் யாரிடமும் பரிசு கேட்கவில்லை. கூலி கேட்டார்கள்.

ஒரே லயத்தில் ஆறு காம்பராவுக்கு நாலு சங்கம். ஒவ்வொரு சங்கத்துக்குப் பின்னாலும் ஒரு கட்சி. கட்சி அரசாங்கத்தில் இருந்தால் சங்கம் வாய்மூடும். கட்சி எதிர்ப்பக்கம் போனால் சங்கம் கூச்சல் போடும். தொழிலாளியின் செக்ரோலில் மாதாமாதம் வெட்டுப்படுகிற சந்தா மட்டும் எந்த ஆட்சியிலும் நிற்பதில்லை. இதை மற்றச் சங்கங்களுக்கு மட்டும் சொல்லவில்லை, நம் சங்கத்துக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சந்தாக் கணக்கைத் தோட்டக் கமிட்டியில் வாசிக்காத சங்கத்துக்கு, அமைச்சரிடம் கணக்குக் கேட்க என்ன உரிமை இருக்கிறது?

ஆகவே தோழர்களே, அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் நாலு விஷயங்களைத் தீர்மானமாக எழுதுங்கள். முதலாவது, 200 ரூபா வரவுக் கொடுப்பனவை அடிப்படைச் சம்பளத்தில் சேர்த்து, அதைக் கம்பனி கொடுக்க வேண்டும். இரண்டாவது, கிலோ அளவையும் எழுத்தில் வைக்கிற புதிய கூட்டு ஒப்பந்தத்துக்கு எல்லாச் சங்கங்களும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். மூன்றாவது, தோட்டத்துக்கு எந்தப் பொருள் வந்தாலும், எந்த நிதி, எவ்வளவு தொகை, யார் யாருக்கு என்ற பட்டியலைப் பிரட்டுக்களத்தில் ஒட்ட வேண்டும். நாலாவது, சங்கத்தின் வரவு செலவைத் தமிழில் எழுதி எல்லோருக்கும் காட்ட வேண்டும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இலிருந்து இருக்கிறது. பிரதேச சபையிடமும் அமைச்சிடமும் கணக்குக் கேட்டு யாரும் கடிதம் எழுதலாம், தமிழிலேயே எழுதலாம். எழுதத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள், எழுதித் தருவார்கள். நானும் வருகிறேன்.

அடுத்த தடவை கூரைத்தகட்டோடு யாராவது வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், மழை ஒழுகுகிறது. ஆனால் மாலை போடாதீர்கள். பில்லைக் கேளுங்கள்.