கத்தி எடுத்துக் கொடுப்பவருக்குப் படிப்பு வேண்டாமா?

ஆபரேசன் என்றதும் எல்லோருக்கும் டாக்டர்தான் நினைவுக்கு வருவார்.

சென்னை அரசு பொது ஆஸ்பத்திரியின் முன்னால் டாக்டர் ரங்காச்சாரிக்குச் சிலை இருக்கிறது. 1934-ம் ஆண்டு மறைந்தவர் அவர். ஆபரேசனில் பெரும் புகழ் பெற்றவர். அவருடைய கைக்குக் கத்தியும் கத்திரிக்கோலும் எடுத்துக் கொடுத்தவர்கள் யார்? பெயர் சொல்ல இன்று ஆள் இல்லை.

அது போகட்டும். எல்லோருக்கும் சிலை வைக்க முடியாது. ஆனால் கத்தி எடுத்துக் கொடுப்பவர் என்ன படித்தவர் என்றாவது கேட்க வேண்டாமா?

வீட்டில் ஒருவருக்கு ஆபரேசன் என்றால், டாக்டரைப் பற்றி ஊரெல்லாம் விசாரிக்கிறார்கள். "கெட்டிக்காரரா? எத்தனை ஆபரேசன் செய்திருக்கிறார்?" என்று கேட்கிறார்கள். உள்ளே டாக்டருக்குப் பக்கத்தில் நிற்பவரைப் பற்றி ஒருவரும் கேட்பது இல்லை. பச்சை உடையும் முகமூடியும் போட்டிருந்தால் போதும், எல்லாம் தெரிந்தவர் என்று நம்பி விடுகிறார்கள்!

காதல் தந்த கையுறை

ஆபரேசன் நடக்கும் அறைக்குத் தியேட்டர் என்று பெயர். சினிமாக் கொட்டகையின் பெயர் இங்கே எப்படி வந்தது? பழைய காலத்தில் அது உண்மையிலேயே கொட்டகை போலத்தான் இருந்தது. நடுவில் மேஜை. சுற்றிலும் படிப்படியாக மாணவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். லண்டனில் 1822-ல் கட்டிய அப்படிப்பட்ட அறை ஒன்றை இன்றும் பார்க்கலாம்.

அந்த நாளில் ஆபரேசன் பிழைத்தாலும் சீழ் பிடித்து ஆள் போய்விடுவது சாதாரணம். புண்ணில் கிருமி புகுவதுதான் காரணம் என்று கண்டு, மருந்து கொண்டு கிருமியை ஒழிக்கும் முறையை 1867-ல் உலகுக்குச் சொன்னவர் லிஸ்டர் என்ற ஆங்கில டாக்டர்.

அதன் பிறகு கருவிகளையும் கைகளையும் கடுமையான மருந்து நீரில் கழுவத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் பால்டிமோர் நகர ஆஸ்பத்திரி ஒன்றில் கரோலின் ஹாம்ப்டன் என்ற நர்சு இருந்தார். டாக்டர் ஹால்ஸ்டெட்டுக்குக் கருவி எடுத்துக் கொடுப்பவர் அவர்தான். மருந்து நீர் பட்டுப் பட்டு அவருடைய கை புண்ணாகிவிட்டது. டாக்டர் பார்த்தார். ஒரு ரப்பர் கம்பெனிக்கு எழுதி, மெல்லிய கையுறை செய்து வரவழைத்தார். 1890-ல் இருவருக்கும் கல்யாணமும் நடந்தது!

கதை இனிமையானதுதான். அதில் கவனிக்க வேண்டிய செய்தி வேறு. இன்று உலகம் முழுவதும் டாக்டர்கள் போடும் ரப்பர் கையுறை, அந்த ஆஸ்பத்திரியில் முதலில் வந்தது டாக்டருடைய கைக்காக அல்ல. பக்கத்தில் நின்ற உதவியாளரின் கைக்காக.

எடுத்துக் கொடுப்பது மட்டுமா?

"கேட்டதை எடுத்துக் கொடுப்பதுதானே, அதற்கு ஒரு படிப்பா?" என்று சிலர் நினைக்கிறார்கள். கேட்டபின் தேடி எடுப்பவர் தியேட்டருக்கு உதவமாட்டார். டாக்டர் கை நீட்டும்போது, அடுத்து எது வேண்டும் என்று தெரிந்து, சரியான கருவியைச் சரியான பக்கம் திருப்பி உள்ளங்கையில் வைக்க வேண்டும். அதற்கு அந்த ஆபரேசன் எப்படி நடக்கும், உடம்பில் எந்த ரத்தக்குழாய் எங்கே ஓடுகிறது என்பது எல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.

வேலை அதற்கு வெகு நேரம் முன்பே தொடங்கிவிடுகிறது. கருவிகளை ஆட்டோகிளேவ் என்ற பெரிய நீராவிப் பெட்டியில் வேகவைக்கிறார்கள். வீட்டுக் குக்கரின் அண்ணன் என்று வைத்துக் கொள்ளலாம். 15 பவுண்டு அழுத்தம், 121 டிகிரி வெப்பம், குறைந்தது 15 நிமிடம். வெளியே எடுத்த மூட்டை ஈரமாக இருந்தால் அதைத் தொடக்கூடாது. ஈரத்தின் வழியே கிருமி உள்ளே போய்விடும். மறுபடியும் கட்டி, மறுபடியும் வேகவைக்க வேண்டும். இதைப் படிக்காதவர், "கொஞ்சம் ஈரம்தானே, காய்ந்துவிடும்" என்று பிரித்து விடுவார். அதன் பலனை நோயாளி நாலு நாள் கழித்துக் காய்ச்சலாக அனுபவிப்பார்.

பிறகு கையை முழங்கை வரை தேய்த்துக் கழுவி, விரல் மேலே இருக்கும்படி தூக்கிப் பிடித்து வர வேண்டும். அங்கி போட்ட பிறகு, மார்பில் இருந்து இடுப்பு வரை முன்பக்கம் மட்டும்தான் சுத்தம். முதுகு சுத்தம் இல்லை. மூக்கு அரித்தால்கூடத் தொடக்கூடாது. மயக்க மருந்து மெஷினில் ஆக்சிஜன் வருகிறதா, மாற்று சிலிண்டர் தயாரா, சளியையும் ரத்தத்தையும் உறிஞ்சும் குழாய் வேலை செய்கிறதா என்று பார்ப்பதும் தியேட்டர் தொழில்நுட்பம் படித்தவர்களின் பொறுப்பு.

ஒரு துணி குறைகிறது, டாக்டர்!

எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை ஒன்று உண்டு. அது எண்ணுவது!

வயிற்றைத் திறந்தால் ரத்தத்தை ஒற்றி எடுக்கத் துணிகள் வைப்பார்கள். மாப் என்று பெயர். ரத்தத்தில் ஊறிவிட்டால் அது துணியா, குடலா என்று பார்த்த கண்ணுக்குத் தெரியாது. ஆகையால் ஆபரேசனுக்கு முன்னால் துணி, ஊசி, கருவி எல்லாவற்றையும் இரண்டு பேர் வாய்விட்டு எண்ணிப் பலகையில் எழுதுகிறார்கள். தையல் போடத் தொடங்கும் முன் மறுபடியும் எண்ணுகிறார்கள். முடிந்ததும் இன்னொரு முறை. கணக்கு இடித்தால் தேட வேண்டும். கிடைக்காவிட்டால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். எக்ஸ்ரேயில் தெரிவதற்காகவே அந்தத் துணியில் ஒரு தனி இழை வைத்துத் தைத்திருக்கிறார்கள்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. மணி இரவு இரண்டு. எல்லோருக்கும் களைப்பு. டாக்டர் தையல் ஊசி கேட்கிறார். "ஒரு துணி குறைகிறது, டாக்டர்" என்று சொல்ல வேண்டும். "சரியாகப் பார், இருக்கும்" என்று அவர் அதட்டினாலும், "இல்லை, டாக்டர்" என்று நிற்க வேண்டும். யாரால் முடியும்?

பெருக்கத் துடைக்க வந்து, பார்த்துப் பார்த்தே பழகி, தியேட்டருக்குள் நிற்பவர்கள் சிறிய ஆஸ்பத்திரிகளில் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லக்கூடாது. பலர் கை தேர்ந்தவர்கள். புதிதாக வந்த டாக்டருக்கே கருவியின் பெயர் சொல்லிக் கொடுப்பவர்களும் உண்டு. ஆனால் செய்யத் தெரிந்தவருக்கு, ஏன் செய்கிறோம் என்று யாரும் சொல்லித் தரவில்லை. கையில் சான்றிதழும் இல்லை. "நாளை முதல் வரவேண்டாம்" என்றால் வேறு இடம் இல்லை. அப்படிப்பட்டவர் டாக்டரைத் தடுத்து நிறுத்துவார் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

படிப்பு அறிவைத் தருகிறது. அதோடு, வாய் திறந்து பேசும் உரிமையையும் தருகிறது. பழைய ஆட்களை வெளியே அனுப்புவது இதற்கு வழி ஆகாது. சம்பளத்தோடு விடுப்புக் கொடுத்து அவர்களையும் படிக்க வைக்க வேண்டும். செலவை ஆஸ்பத்திரி ஏற்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2008-ல் ஆபரேசனுக்கு 19 அம்சப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. எண்ணிக்கை சரியா என்று வாய்விட்டுச் சொல்வது அதில் ஒன்று. தியேட்டரில் உள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்பது இன்னொன்று. பெயர் சொன்னவர் பிறகு பேசத் தயங்கமாட்டார் அல்லவா? புதுடெல்லி உள்பட 8 நகரங்களின் ஆஸ்பத்திரிகளில் இதை நடத்திப் பார்த்தார்கள். 1000-க்கு 15 ஆக இருந்த சாவு 8 ஆகக் குறைந்தது என்று 2009-ல் முடிவு வெளியானது. புது மருந்து இல்லை, புது மெஷின் இல்லை. ஒரு தாள்தான்!

படிப்பும் பணமும்

தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் இதற்குப் பி.எஸ்சி. பட்டப் படிப்பு இருக்கிறது. பிளஸ்-2 வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்தவர்கள் சேரலாம். 3 ஆண்டு பாடம், 1 ஆண்டு ஆஸ்பத்திரிப் பயிற்சி. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த சட்டம் ஒன்று, டாக்டர், நர்சு அல்லாத மருத்துவப் பணியாளர்களின் படிப்பையும் பதிவையும் ஒழுங்கு செய்கிறது. தியேட்டர் தொழில்நுட்பத்தாரும் அதன் பட்டியலில் இருக்கிறார்கள்.

"டாக்டர் சீட்டு கிடைக்கவில்லை, போனால் போகிறது, இதிலாவது சேர்" என்று பிள்ளையை அனுப்பும் பெற்றோர் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். இது ஆறுதல் பரிசு அல்ல. மணிக்கணக்கில் நிற்க வேண்டும். நடுராத்திரி கூப்பிட்டாலும் போக வேண்டும். ஊசி குத்தினால் மஞ்சள் காமாலைக் கிருமி தொற்றும் அபாயம் உண்டு. அதற்காகத் தடுப்பூசி 3 தவணை போட்டுக்கொள்ள வேண்டும். ரத்தம் கண்டு மயங்கி விழும் பிள்ளையைக் கட்டாயப்படுத்தக்கூடாது. சம்பளமும் இந்தப் பொறுப்புக்குத் தக்கபடி இல்லை. அதை உயர்த்தாமல் நல்ல ஆட்கள் வரவில்லை என்று ஆஸ்பத்திரிகள் புலம்புவதில் அர்த்தம் இல்லை.

நகையை அடகு வைத்துப் பணம் கட்டும் முன் பெற்றோர் கேட்க வேண்டியவை சில உண்டு. எந்தப் பல்கலைக்கழகம் பட்டம் தருகிறது? அதன் பட்டியலில் இந்தக் கல்லூரியின் பெயர் இருக்கிறதா? பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில்? அங்கே ஒரு நாளைக்கு எத்தனை ஆபரேசன் நடக்கிறது? மாடியில் இரண்டு அறையும் ஒரு பொம்மை எலும்புக்கூடும் வைத்துக்கொண்டு, "ஆஸ்பத்திரியைப் பிறகு காட்டுகிறோம், முதலில் பணத்தைக் கட்டுங்கள்" என்று சொல்லும் இடமாக இருந்தால், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அடுத்த பஸ்சிலேயே ஊர் திரும்பிவிடலாம்.