நாக்கு காவல் காக்குமா?

"காட்டம் இருந்தால்தான் நல்ல சரக்கு" என்பது குடிப்பவர்கள் பேச்சு. இது சரியா?

அமெரிக்காவில் 'பர்பன்' விஸ்கியைத் தண்ணீர் கலக்காமல் பீப்பாயிலிருந்து அப்படியே சீசாவில் அடைப்பதுண்டு. நூற்றுக்கு 60 பங்குகூட ஆல்கஹால் இருக்கும். ஆனால், அந்த அளவு சீசாவிலேயே அச்சாகியிருக்கும்.

நம் கடற்கரைக் கதை வேறு. கோவளத்திலிருந்து தெற்கே போகும் சாலையில் இருக்கிறது மரக்காணம். 2023 மே மாதம் அதன் அருகே எக்கியார்குப்பத்திலும், செங்கல்பட்டு மாவட்டம் சித்தாமூர்ப் பகுதியிலும் விஷச் சாராயம் குடித்து 20 பேருக்கு மேல் மாண்டார்கள். காரணம் மெத்தனால். வாசனையும் ருசியும் சாராயம் போலவே இருப்பதால் நாக்கு ஏமாந்துவிடும். உடம்புக்குள் அது அமிலமாக மாறிக் கண்ணைப் பறிக்கும், உயிரையும் குடிக்கும்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் 60 பேருக்கு மேல் பலி!

குடித்தவனைத் திட்டி என்ன பயன்? மெத்தனால் வெளியேறும் தொழிற்சாலை வாசலிலேயே ஒவ்வொரு லிட்டருக்கும் கணக்குக் கேட்கவேண்டும். அதுதான் காவல்!